கல்லடிக்குப் போய்ச் சேராத கூறைச் சேலை

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே பேஸ்புக்கில் சேலை விற்கிறேன். சென்னையில் எடுத்து வந்த காஞ்சிபுரம் கூறை ஒன்றை, மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையின் அம்மா 68,000 ரூபாவுக்குப் பேசி எடுத்தார். 25,000 வங்கியில் போட்டார். மிச்சம் 43,000 கேஷ் ஒன் டெலிவரி. ஆகஸ்ட் 25ஆம் திகதி கூரியர் பையன் வீட்டுக்கு வந்து பார்சலை எடுத்துப் போனான். 26ஆம் திகதி கொழும்பு ஹப்பிலிருந்து (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடம்) வெளியேறியதாக ட்ராக்கிங் காட்டியது. அதோடு சரி. செப்டெம்பர் 7ஆம் திகதி கல்யாணமும் முடிந்துவிட்டது. அன்ரி மட்டக்களப்பு டவுனில் 75,000 கொடுத்து வேறு கூறை எடுத்திருக்கிறார். இப்போது 25,000ஐயும், மேலே போன 7,000ஐயும் தா, இல்லாவிட்டால் பேஸ்புக்கில் போடுவேன் என்கிறார். கூரியர் கம்பனியோ, பில்லில் அடித்திருக்கும் உச்சத் தொகை 5,000தான், அதற்கு மேல் தரமுடியாது என்கிறது. கம்பனி தராமல் நான் அன்ரிக்கு எப்படிக் கொடுப்பது? பொலிஸுக்குப் போகலாமா?
— வாசகி, கொழும்பு 6

பதில்:

சகோதரி, 25,000 ரூபாவை இன்றைக்கே அன்ரியின் கணக்கில் திருப்பிப் போட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கம்பனி தந்த பிறகுதானே நான் கொடுக்கலாம் என்ற உங்கள் நினைப்பு விளங்குகிறது. ஆனால் இங்கே இருப்பது இரண்டு தனிக் கணக்கு. அன்ரிக்கும் உங்களுக்கும் ஒரு ஒப்பந்தம். உங்களுக்கும் கூரியருக்கும் இன்னொன்று. அந்தக் கம்பனியைத் தெரிவு செய்தது நீங்கள், கட்டணத்தைப் பேசியது நீங்கள், பில்லை வாங்கி வைத்திருப்பதும் நீங்கள். அன்ரிக்கு அந்தக் கம்பனியோடு ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை. அவர்கள் உங்களுக்குத் தருவதும் தராததும் அவரைக் கட்டுப்படுத்தாது.

சட்டம் தெரிந்த யாராவது, "கூரியரிடம் கொடுத்தாலே வாங்குபவரிடம் கொடுத்த மாதிரித்தான், இனி நட்டம் அவருடையது" என்று உங்களுக்குச் சொல்லக்கூடும். அது முழுப் பொய் அல்ல. நம் நாட்டில் இந்த விடயத்தை ஆளுவது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. மாட்டு வண்டியிலும் ரயிலிலும் சரக்குப் போன காலத்துச் சரக்கு. வாங்குபவருக்கு அனுப்புவதற்காகப் பொருளைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தால், மேலோட்டமாகப் பார்க்கும்போது அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகும் என்று அதில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: பொருள் யாருக்குச் சொந்தமோ, நட்டமும் பொதுவாக அவருக்கே. விற்பவர் ஒரு நிபந்தனை வைத்து, அது நிறைவேறும்வரை பொருளைத் தன் பிடியில் வைத்திருந்தால், கொண்டுசெல்பவரிடம் கொடுத்த பிறகும் பொருள் விற்பவருடையதுதான்.

கேஷ் ஒன் டெலிவரி என்பது அந்த நிபந்தனைதானே. 43,000ஐ எண்ணி வைத்தால்தான் பார்சலைக் கையில் கொடு, இல்லாவிட்டால் எனக்கே திருப்பிக் கொண்டுவா என்று நீங்கள் கம்பனியிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே கொழும்பு ஹப்பை விட்டு வெளியேறிய அந்த நேரத்திலும் அது உங்கள் சேலை. தொலைந்தது உங்கள் பொருள். அன்ரி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, "நான் சொல்லும் கூரியரில் போடுங்கோ" என்றும் சொல்லியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

7,000 ரூபா விடயம் கொஞ்சம் சிக்கல். பேசிய பொருளை விற்பவர் கொடுக்காவிட்டால், சந்தை விலைக்கும் பேசிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நட்டமாகக் கேட்கலாம் என்பது பழைய விதி. அன்ரி அதைப் படித்திருக்க மாட்டார், ஆனாலும் சரியாக அதைத்தான் கேட்கிறார். உங்கள் பக்கமும் பேச இடமுண்டு. அவர் எடுத்த கூறை உங்களுடையதின் தரம்தானா, உங்கள் பிழை எதுவும் இல்லாமல்தானே பொருள் போனது என்றெல்லாம் வாதாடலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டுகளில் ஒரு வரி கிடக்கிறது: "பயப்பிடாதேங்கோ அன்ரி, வியாழன் கட்டாயம் கையில இருக்கும்." அந்தக் கட்டாயம் என்ற சொல்லை நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டுக்காரர் அதை நம்பித்தான் வேறு கடை ஏறாமல் இருந்திருக்கிறார். நானாக இருந்தால் 7,000க்காக ஒரு நிமிடம்கூட வாதாட மாட்டேன். கையில் முடியுமென்றால் முழுவதையும் கொடுங்கள். முடியாவிட்டால் பாதியைக் கொடுத்து, மிச்சத்துக்கு ஒரு சேலை தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்பில் ஒரு கல்யாண வீட்டுக்கு எத்தனை பெண்கள் வருவார்கள், அவர்களில் எத்தனை பேர் உங்கள் பேஜைப் பார்ப்பார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பணத்தைப் போட்டவுடன் போனில் பேசுங்கள். பேசிய பிறகு எழுத்திலும் அனுப்புங்கள். இப்படி ஏதாவது:

"அன்ரி, நீங்கள் தந்த 25,000 ரூபாவை இன்று உங்கள் கணக்கில் போட்டிருக்கிறேன், சிலிப் இத்துடன். ஆகஸ்ட் 25ஆம் திகதி நான் ஒப்படைத்த பார்சலை கூரியர் தொலைத்துவிட்டது. கல்யாண நேரத்தில் உங்களுக்கு வந்த அலைச்சலுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மேலதிகமாகச் செலவான 7,000 பற்றி நாம் பேசியபடி செய்கிறேன்."

இதில் கம்பனியைத் திட்டவும் வேண்டாம், "என்னில் பிழை இல்லை" என்று எழுதவும் வேண்டாம். அவர் பேஸ்புக்கில் போட்டால் கீழே நீங்கள் போடவேண்டியது அந்தச் சிலிப் மட்டும்தான்.

இனிக் கூரியருக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் கையை விட்டுவிட்டதாக எனக்குப் படுகிறது. ஆறு கிழமையாக ஹொட்லைனுக்கு 22 தடவை போன் எடுத்திருக்கிறீர்கள், ஒரு கடிதம்கூட எழுதவில்லை. போன் பேச்சு காற்றோடு போய்விடும். எடுத்த பிள்ளைக்கு உங்கள் பார்சல் எங்கே என்று தெரியவும் தெரியாது, கண்டுபிடிக்க அதிகாரமும் இல்லை.

அவர்களிடம் முதலில் எழுத்தில் கேட்கவேண்டியது முழு ஸ்கேன் விபரம். உங்கள் போனில் தெரியும் ட்ராக்கிங் அதன் சுருக்கம்தான். ஒரு பார்சல் எடுக்கும்போது, ஹப்புக்குள் போகும்போது, ஹப்பை விட்டு லொறி ஏறும்போது, மட்டக்களப்புக் கிளையில் இறங்கும்போது, ரைடரின் கையில் போகும்போது என்று ஒவ்வோர் இடத்திலும் ஸ்கேன் ஆக வேண்டும். உங்களுடையது கொழும்பில் வெளியேறியிருக்கிறது, மட்டக்களப்பில் உள்ளே போகவில்லை. அப்படியென்றால் மூன்று இடங்களில் ஒன்றில்தான் போயிருக்கிறது: ஸ்கேன் மட்டும் பண்ணிவிட்டு லொறியில் ஏற்றாமல் கொழும்பிலேயே கிடக்கிறது, அல்லது வழியில் வேறு ஊர்க் கிளையில் இறங்கிவிட்டது, அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டும் நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடப்பவை.

எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் என் பழைய கெமரா ஒன்றை வவுனியாவில் இருந்த ஒருவருக்கு விற்றேன். பெயர் வேண்டாம், ஒரு கூரியரில்தான் போட்டேன். ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. பத்தாம் நாள் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே அவர்களுடைய ஹப்புக்கு நேரே போனேன். (கோட்டு உதவியது என்பதை மறைக்கவில்லை.) மேற்பார்வையாளர் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். ஒரு இரும்பு ராக்கை, அதில் விலாசம் இல்லாத பொதிகள் நாற்பது ஐம்பது. மழையில் நனைந்து லேபல் கழன்றவை, பேனாவால் எழுதி மை ஊறிப்போனவை. ஒரு பெட்டியில் யாரோ கருவாடு அனுப்பியிருக்க வேண்டும், அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. என் பெட்டி கீழ்த் தட்டில் கிடந்தது. அதை எப்படி அடையாளம் கண்டேன் தெரியுமா? நான் சுற்றியிருந்தது பழைய தமிழ்ப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். கிழிந்த மூலையால் ஒரு பாட்டியின் படம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் இரண்டு பக்கத்து விலாசமும் போன் நம்பரும் எழுதி வைக்கிறேன்.

ஆகவே கடிதத்தில் ட்ராக்கிங் நம்பரை மட்டும் எழுதாமல் பார்சலை வர்ணியுங்கள். எந்த நிறப் பொலித்தீன் உறை, எந்தப் பக்கம் டேப், என்ன நிறை, உள்ளே என்ன பெட்டி, சேலையின் நிறமும் கரையும். "விலாசமில்லாப் பொதிகளில் இந்த விபரத்தை வைத்துத் தேடிப் பார்த்து எழுத்தில் அறிவியுங்கள்" என்று கேளுங்கள். ஒரு நாள் நேரிலும் போங்கள், தனியாகப் போகாமல் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு.

தேடியும் கிடைக்காவிட்டால்தான் அந்த 5,000 பற்றிய பேச்சு வரும்.

பில்லின் பின்பக்கத்தை நீங்கள் அனுப்பிய படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி பன்னிரண்டு வரி. அதில் ஏழாவது வரி, பெறுமதி அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்டாத பொதிக்கு உச்சம் 5,000 ரூபா என்கிறது. முன்பக்கத்தில் பெறுமதி என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, சேகரிக்கவேண்டிய பணம் என்ற கட்டத்தில், அந்தப் பையனின் கையெழுத்தில் 43,000 என்று இருக்கிறது.

உங்கள் வழக்கு முழுவதும் அந்த இரண்டு கட்டங்களுக்கு இடையில்தான் நிற்கிறது. பெறுமதியை நீங்கள் நிரப்பவில்லை என்பது அவர்களுடைய பலம். ஆனால் 43,000 ரூபாவை வாசலில் வாங்கி வருகிறோம், அதற்கு எங்களுக்கு இவ்வளவு கட்டணம் என்று ஒப்புக்கொண்டவர்கள், பெட்டிக்குள் 5,000 ரூபாச் சாமான் இருக்கும் என்று நினைத்தோம் என்று எந்த முகத்தோடு சொல்வார்கள்? குறைந்தது 43,000 பெறும் என்று அவர்களுக்குத் தெரியும். கடிதத்தில் இதைத்தான் முதலில் எழுதவேண்டும்.

மிச்ச 25,000ஐயும் சேர்த்து 68,000 கேட்கலாமா? கேளுங்கள். அன்ரி போட்ட 25,000இன் வங்கிப் பதிவு, 68,000க்குப் பேசிய வட்ஸ்அப், சென்னைக் கடைப் பில், இன்றைக்கு நீங்கள் திருப்பிப் போடப்போகும் சிலிப், இவை நான்கும் சேர்ந்தால் கணக்கு நேராகும். வட்ஸ்அப்பை யார் ஏற்பார்கள் என்று யோசிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைத் தள்ளிவிட முடியாது என்கிறது. அந்த வட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

பின்பக்கத்து ஏழாவது வரிக்கும் பதில் உண்டு. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு நிறுவனம் தானே அச்சடித்து வைத்த படிவத்தில் தன் பொறுப்பைக் குறைத்துக்கொண்டால், அந்தக் குறைப்பு நியாயமானதாக இருக்கிற அளவுக்குத்தான் செல்லும். பெறுமதியை அறிவிக்கச் சொல்லிப் பையன் கேட்டானா, இப்படியொரு வரி இருக்கிறதென்று சொன்னானா, தமிழிலோ சிங்களத்திலோ எங்காவது எழுதியிருந்ததா என்பவை எல்லாம் அந்த நியாயத்தைத் தீர்மானிக்கும்போது எடுபடும். அதைவிட, எங்கள் உரோமன் டச்சுச் சட்ட மரபில், ஒரு பொருளைப் பொறுப்பேற்றவர் அதைத் தர முடியாமல் போனால், தன் கவனயீனத்தால் போகவில்லை என்று காட்டவேண்டியவர் அவர்தான். எப்படித் தொலைந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. அது தெரிந்திருந்தால் நீங்களே போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்களே.

கடிதத்தை அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், 14 நாள் கொடுங்கள். வழக்கறிஞர் கடிதம் இப்போதைக்கு வேண்டாம். என் தொழிலைச் செய்பவர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் அந்தக் காசுக்கு இன்னொரு சேலை எடுத்துவிடலாம்.

14 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். "நான் விற்பவள், நுகர்வோர் இல்லையே" என்று நினைப்பீர்கள். அன்ரிக்கு நீங்கள் விற்பவர்தான், ஆனால் கூரியர் சேவைக்குக் காசு கொடுத்தபோது நீங்கள் நுகர்வோர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் சேவையைப் பெறுபவரும் நுகர்வோரே. ஒரே ஒரு எச்சரிக்கை: சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ஆகஸ்ட் 25இலிருந்து எண்ணுங்கள், நவம்பர் 25. ஆறு கிழமை ஏற்கெனவே போய்விட்டது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைத்ததை முறைப்பாடு என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

அதுவும் சரிவரவில்லை என்றால், இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, இந்தளவு தொகைக்கு நீதிமன்றம் போகமுன் அங்கே போயே ஆகவேண்டும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. வார இறுதியில், பெரும்பாலும் ஒரு பாடசாலை வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் வாங்கில் உட்காரவைத்துப் பேசுவார்கள். வழக்கறிஞர் வரமுடியாது. கம்பனிகளுக்கு இந்த இடம் பிடிப்பதில்லை, ஒரு சனிக்கிழமையை ஒரு மனேஜர் இழக்கவேண்டும் என்பதால். அந்த அழைப்புக் கடிதம் கிடைத்தவுடன் 5,000 என்பது 30,000 ஆனதை நான் கண்டிருக்கிறேன். 43,000க்குக் குறைய முதல் பேச்சிலேயே தலையாட்டாதீர்கள். 50,000க்கு மேல் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால், வாங்கிக்கொண்டு எழும்பிவிடுவேன்.

பொலிஸ்? தொலைத்தது குற்றம் அல்ல. நேர்மையில்லாமல் எடுத்தால்தான் நம்பிக்கை மோசடி. கொண்டுசெல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்குத் தண்டனைச் சட்டக் கோவையில் தனிப் பிரிவே இருக்கிறது, ஆனால் யார் எடுத்தது என்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. வெள்ளவத்தைப் பொலிஸில் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து பிரதி எடுத்து வைப்பதில் தவறில்லை, கம்பனிக்கு எழுதும் கடிதத்தோடு இணைக்கலாம். ஆனால் பார்சலை எடுத்துப் போன பையனின் பெயரைச் சந்தேக நபராகச் சொல்லாதீர்கள். அவன் ஹப்பில் ஒப்படைத்தான் என்று உங்கள் ட்ராக்கிங்கே சொல்கிறது.

ஒன்றை யோசித்து வையுங்கள். ட்ராக்கிங் ஒருநாள் திடீரென்று "டெலிவர்ட்" என்று மாறலாம். பழைய கணக்கை மூடுவதற்காக யாரோ பொத்தானை அமுக்கியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், அது உங்களுக்கு நல்லது. அன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒரே வரியில் எழுதுங்கள்: "ஒப்படைத்துவிட்டீர்கள் என்றால் என் 43,000ஐத் தாருங்கள், ஒப்படைக்கவில்லை என்றால் பார்சலைத் தாருங்கள்."

அடுத்த கூறையை அனுப்பும்போது பெறுமதிக் கட்டத்தை நீங்களே பேனாவால் நிரப்புங்கள், சேகரிக்கும் பணத்தை அல்ல, முழு விலையை. மேலதிகக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு விலையில் சேர்த்துவிடுங்கள். கல்யாண வீட்டுக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஹப்புக்குப் போகும் நாளில் அந்தச் சேலையின் முந்தானைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் காட்டாதீர்கள், ராக்கையில் தேடப்போகிறவரின் கையில் தாளாகக் கொடுங்கள்.